குவைத் சாய்வாகக் கிணறு தோண்டி ஈராக்கின் எண்ணெயைத் திருடியதா?

கேட்டவர் எழுதியது சுருக்கமாக இதுதான்: 1990-ல் குவைத்திலிருந்து கையில் ஒரு பையோடு ஊர் திரும்பிய அவருடைய பெரியப்பா, "குவைத்காரர்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, சாய்வாகக் கிணறு தோண்டி ஈராக்கின் எண்ணெயை உறிஞ்சினார்கள், அந்தக் கோபத்தில்தான் சதாம் படையெடுத்தார்" என்று இன்றும் உறுதியாகச் சொல்கிறாராம். அது உண்மையா என்பது கேள்வி. பார்க்க ஒரே கேள்விபோல் இருந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. அப்படித் தோண்ட முடியுமா, தோண்டினார்களா என்பது ஒன்று. எல்லையை ஒட்டி எண்ணெய் எடுத்தால் அதைத் திருட்டு என்று சொல்லலாமா என்பது இரண்டாவது. போர் அதனால்தான் வந்ததா என்பது மூன்றாவது. பெரியப்பா இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். பத்திரிகைகளும் பல ஆண்டுகளாக அதைத்தான் செய்கின்றன.

நான் வளைகுடாவில் நீண்ட காலம் எண்ணெய்க் கிணறு தோண்டும் பணியிலும், பின்னர் பாறை அடுக்குகளின் அளவீடுகளைப் படிக்கும் பணியிலும் இருந்தவன். இந்தத் தகராறின் மையமான ருமைலா வயலில் வேலை பார்த்ததில்லை. ஆகவே நிலத்துக்கு அடியில் நடப்பதைத் தொழில் அறிந்தவனாகச் சொல்கிறேன். அரண்மனைகளுக்குள் நடந்ததை வெளியான ஆவணங்களைப் படித்தவனாக மட்டும் சொல்கிறேன். இரண்டின் எடையும் ஒன்றல்ல.

முதலில் நிலம். ருமைலா 1953-ல் பாஸ்ரா பெட்ரோலியம் கம்பெனி கண்டுபிடித்த மாபெரும் வயல். தெற்கு ஈராக்கின் பாஸ்ரா நகரத்துக்கு மேற்கே தொடங்கித் தெற்கு நோக்கி நீளமாக ஓடுகிறது. அதன் முக்கியமான மணற்பாறை அடுக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. வயலின் தென்கோடி மட்டும் எல்லையைத் தாண்டிக் குவைத்துக்குள் நுழைகிறது. அந்தப் பகுதியைக் குவைத் 'ரத்கா' என்று அழைக்கிறது. கோடு மனிதர்கள் போட்டது; பாறைக்கு அது தெரியாது. ஒரு பக்கம் எண்ணெய் எடுத்தால் அங்கே அழுத்தம் குறைகிறது, மறுபக்கத்து எண்ணெய் மெல்ல அந்தத் திசைக்கு நகர்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆழ்துளைக் கிணறு போட்டால் நம் கிணற்றில் நீர்மட்டம் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே வேறுபாடு, மழை பெய்து இது நிரம்பாது.

இப்போது சாய்வுக் கிணறு. அந்தத் தொழில்நுட்பம் 1980-களில் நன்றாகவே இருந்தது. கடலில் ஒரே மேடையிலிருந்து பல திசைகளில் கிணறுகளைச் சாய்த்துத் தோண்டுவது அன்றைக்கே அன்றாட வேலை. ஆகவே 'முடியுமா' என்றால் முடியும். ஆனால் தொழில்காரன் உடனே கேட்கும் கேள்வி வேறு: எதற்காக? உங்கள் காலுக்கு நேர் கீழே அதே பாறை அடுக்கு, அதே எண்ணெயோடு இருக்கும்போது, கூடுதல் செலவு செய்து, குழாய் சிக்கிக்கொள்ளும் அபாயத்தையும் ஏற்றுக்கொண்டு, பக்கத்து நாட்டுக்கு அடியில் ஏன் சாய்க்க வேண்டும்? நேராகக் கிணறு போட்டாலே போதும். எண்ணெய் தானாக வரும்.

இன்னொரு விஷயமும் கவனத்துக்குரியது. 1990 ஜூலை மத்தியில் ஈராக்கின் வெளியுறவு அமைச்சர் தாரிக் அஜீஸ் அரபு லீக்கின் பொதுச் செயலாளர் ஷத்லி கிலிபிக்கு அனுப்பிய குறிப்புதான் இந்தக் குற்றச்சாட்டின் மூல ஆவணம். ஈராக் ஈரானோடு போரில் மாட்டிக்கொண்டிருந்த காலத்தைப் பயன்படுத்தி, ருமைலா வயலின் தென்பகுதியில் குவைத் எண்ணெய் நிலையங்களை அமைத்து எண்ணெய் எடுத்தது என்பதுதான் அதன் சாரம். அதாவது 'எங்கள் நிலத்தில் வந்து உட்கார்ந்தார்கள்' என்ற எல்லைப் புகார். சாய்வுக் கிணறு என்ற நுட்பக் கதை பின்னால்தான் பெருத்தது. அதற்கு எண்ணெய் ஊற்றிய ஒரு தற்செயலும் உண்டு. குவைத் பெட்ரோலியம் கார்ப்பரேஷன் 1981-ல் சான்டா ஃபே இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கத் தோண்டும் கம்பெனியை ஏறக்குறைய 250 கோடி டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. திறமையான தோண்டும் கம்பெனி கையில் இருக்கிறது, பக்கத்தில் வயல் இருக்கிறது; கதை கட்ட இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆக என் முதல் பதில்: குவைத் அந்தப் பாறை அடுக்கிலிருந்து எண்ணெய் எடுத்தது என்பது உறுதி. எல்லைக்கு அப்பால் சாய்த்து எடுத்தது என்பது நிறுவப்படாத குற்றச்சாட்டு, தொழில் கணக்கில் தேவையும் இல்லாதது.

அடுத்து, அது திருட்டா? நாடுகளுக்கு இடையே பொது வயல் என்பது அரபு வளைகுடாவில் அபூர்வமானது அல்ல. அண்டை நாடுகள் இதற்குத் தீர்வு கண்ட முறைகளைப் பார்த்தால் ருமைலா விவகாரம் எவ்வளவு விசித்திரமானது என்பது புரியும். 1958-ல் சவூதியும் பஹ்ரைனும் கடல் எல்லையைப் பிரித்தபோது, அபு சஃபா வயல் இருக்கும் பகுதியைச் சவூதிக்குக் கொடுத்துவிட்டு, நிகர வருமானத்தில் பாதி பஹ்ரைனுக்கு என்று எழுதிக்கொண்டார்கள். பஹ்ரைனின் கருவூலத்துக்கு இன்றும் அந்தப் பாதிதான் பெரிய ஆதாரம். 1969-ல் கத்தாரும் அபுதாபியும் எல்லைக்கோட்டின்மேல் கிடந்த அல் புந்துக் வயலைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எனக்குப் பிடித்தது சவூதி–குவைத் நடுநிலை மண்டலம். 1922-ல் உகைரில் பிரிட்டிஷ் அதிகாரி பெர்சி காக்ஸ் எல்லை போட்டபோது தகராறு தீராத ஒரு துண்டை 'இருவருக்கும் பொது' என்று விட்டுவிட்டார். 1960-களில் அந்த நிலத்தை இரண்டாகப் பிரித்து நிர்வாகத்தை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். எண்ணெயை மட்டும் பிரிக்கவில்லை; எங்கே தோண்டினாலும் சரிபாதி. அதிலும் சண்டை வராமல் இல்லை. 2014-ல் கஃப்ஜியும் 2015-ல் வஃப்ராவும் மூடப்பட்டு, 2019 டிசம்பரில் கையெழுத்தான உடன்பாட்டுக்குப் பிறகுதான் திறந்தன. ஆனால் அது பைல்களுக்குள் நடந்த சண்டை. டாங்கி எதுவும் நகரவில்லை.

இப்படி ஒரு ஒப்பந்தம் இருந்தால்தான் அதை மீறுவதைத் திருட்டு என்று சொல்ல முடியும். ருமைலா–ரத்காவுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒப்பந்தம் போட வேண்டுமானால் முதலில் எல்லை எது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அங்கேதான் முட்டுக்கட்டை. 1932-ல் ஈராக்கும் குவைத்தும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் எல்லை, சஃப்வான் கிணறுகளுக்கும் ஜபல் சனாமுக்கும் உம் கஸருக்கும் தெற்கே போகிறது என்று எழுதியிருக்கிறது. தெற்கே என்றால் எத்தனை அடி தெற்கே? அது எழுதப்படவில்லை. சஃப்வானின் தென்கோடிப் பேரீச்சை மரத்திலிருந்து அளப்பதா, அங்கே ஒரு காலத்தில் நட்டிருந்த அறிவிப்புப் பலகையிலிருந்து அளப்பதா என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்தச் சில நூறு மீட்டர்களுக்குக் கீழேதான் எண்ணெய் இருந்தது.

1961-ல் குவைத் சுதந்திரம் பெற்றவுடன் ஈராக்கை ஆண்ட அப்துல் கரீம் காசிம் முழு நாட்டுக்கும் உரிமை கோரினார். அவர் வீழ்ந்த பிறகு, 1963 அக்டோபரில் ஈராக் குவைத்தை அங்கீகரித்து, 1932 கடிதங்களையும் உறுதிசெய்தது. ஆனால் கோட்டை நிலத்தில் அளந்து கல் நட ஈராக் கடைசிவரை வரவில்லை. காரணம், ஈராக்குக்குக் கடல்வாசல் மிகக் குறுகியது. உம் கஸர் துறைமுகத்துக்குப் போகும் வழியை வார்பா, புபியான் என்ற இரண்டு குவைத் தீவுகள் மறித்து நிற்கின்றன. அவற்றைக் குத்தகைக்காவது வாங்க வேண்டும் என்பது பாக்தாதின் பழைய ஆசை. எல்லையை ஒப்புக்கொள்வதை அதற்கான விலையாகக் கையில் வைத்திருந்தார்கள். குவைத்தும் அசையவில்லை.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். போருக்குக் காரணம் இந்த எண்ணெயா? இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே போதும். ஈராக்கின் சொந்தக் குற்றச்சாட்டின்படி குவைத் பத்தாண்டுகளில் எடுத்த எண்ணெயின் மதிப்பு 240 கோடி டாலர். பீப்பாய் சராசரியாக 24 டாலர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 10 கோடி பீப்பாய், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 27,000 பீப்பாய். 1990-ன் முதல் பாதியில் குவைத்தின் மொத்த உற்பத்தியோ நாளுக்கு 20 லட்சம் பீப்பாயை ஒட்டி இருந்தது. ஆக, புகார் முழுவதையும் அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அது நூற்றில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு.

உண்மையான வலி விலையில் இருந்தது. 1990 தொடக்கத்தில் பீப்பாய் 20 டாலரை ஒட்டி விற்ற எண்ணெய், ஜூன் மாதத்தில் 14 டாலர் அளவுக்கு விழுந்தது. விலை ஒரு டாலர் குறைந்தால் ஆண்டுக்கு 100 கோடி டாலர் நட்டம் என்று ஈராக் சொன்னது. அதன் ஏற்றுமதி அளவோடு பொருத்திப் பார்த்தால் அது நியாயமான கணக்கே. ஆறு டாலர் சரிவு என்றால் ஆண்டுக்கு 600 கோடி. ஓராண்டின் விலைச் சரிவுக்கு முன்னால் பத்தாண்டு 'திருட்டு' பாதிகூட இல்லை. மே மாதம் பாக்தாதில் நடந்த அரபு உச்சி மாநாட்டில் சதாம் இப்படி விலையைச் சரியவைப்பதைப் போருக்குச் சமமான செயல் என்றே பேசினார்.

விலையைக் கீழே தள்ளியவர்கள் யார் என்பதில் மர்மம் இல்லை. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் குவைத்துக்கு ஒதுக்கியது நாளுக்கு 15 லட்சம் பீப்பாய். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு ஏறக்குறைய 11 லட்சம். இரண்டுமே 20 லட்சத்தை ஒட்டி எடுத்தன. அமீரகம் இன்னும் அப்பட்டமாக மீறியது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அமீரகத்துக்கு ஈராக்கோடு எல்லை இல்லை. அதனால்தானோ என்னவோ வரலாற்றில் அதன் பெயர் சிறிய எழுத்தில் நிற்கிறது.

குவைத் ஏன் அப்படிச் செய்தது என்பதுதான் இந்தக் கதையில் நான் மிகவும் முக்கியமாக நினைக்கும் இடம். 1980-களில் குவைத் ஐரோப்பாவில் சுத்திகரிப்பு ஆலைகளையும் பெட்ரோல் பங்குகளையும் வாங்கி 'கியூ8' என்ற பெயரில் நடத்தத் தொடங்கியிருந்தது. வெளிநாட்டு முதலீடுகளின் வருமானம் சில ஆண்டுகளில் எண்ணெய் வருமானத்தையே மிஞ்சியது. கச்சா எண்ணெய் மலிவானால் அதன் ஆலைகளும் பெட்ரோல் பங்குகளும் லாபம் பார்க்கும். முதலீடு செய்த நாடுகளின் பொருளாதாரமும் செழிக்கும். குவைத்துக்கு மலிவு விலை தாங்கக்கூடியது, ஓரளவுக்கு வசதியானதும்கூட. எட்டாண்டுப் போரில் கடனாளியாகி, எண்ணெய் தவிர விற்க வேறொன்றும் இல்லாத ஈராக்குக்கு அதே விலை மூச்சு முட்டல். எல்லாரும் எண்ணெய் விற்கும் அரபு நாடுகள்தானே, நலன் ஒன்றுதானே என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அது ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

கடனும் சேர்ந்துகொண்டது. ஈரான் போரின்போது குவைத் கொடுத்தது சுமார் 1,400 கோடி டாலர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதன் ஒரு பகுதி பணமாகக்கூடப் போகவில்லை. ஈராக்கின் வளைகுடா ஏற்றுமதி முனையங்கள் போரில் நாசமாகி, சிரியா வழிக் குழாயும் 1982-ல் மூடப்பட்ட பிறகு, சவூதியும் குவைத்தும் அதே நடுநிலை மண்டலத்து எண்ணெயில் நாளுக்கு ஏறக்குறைய 3 லட்சம் பீப்பாயை ஈராக்கின் பெயரில் விற்று, பணத்தை அதன் கணக்கில் சேர்த்தன. போர் முடிந்ததும் ஈராக் என்ன சொன்னது? ஈரானைப் பார்த்த கிழக்கு வாசலில் எங்கள் பிள்ளைகள் ரத்தம் சிந்தி உங்களைக் காத்தோம், இது கடனா? குவைத் கடனைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. வசூலாகும் என்று நம்பியதால் மறுத்ததாக நான் நினைக்கவில்லை. எல்லையில் கையெழுத்து வாங்க அதைத் துருப்புச் சீட்டாக வைத்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது. இது என் ஊகம். அந்தக் கால நிகழ்வுகளைப் படித்த பலரும் இப்படித்தான் படிக்கிறார்கள்.

ஜூலையில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் படம் தெளிவாகும். ஜூலை 10, 11-ல் ஜெத்தாவில் சவூதி, ஈராக், குவைத், அமீரகம், கத்தார் எண்ணெய் அமைச்சர்கள் கூடினார்கள். குவைத்தும் அமீரகமும் ஒதுக்கீட்டுக்குள் நிற்க ஒப்புக்கொண்டன. அதாவது விலை விஷயத்தில் ஈராக் கேட்டது கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அரபு லீக் குறிப்பும், ஜூலை 17 புரட்சி நாள் உரையில் சதாமின் வெளிப்படையான மிரட்டலும் வந்தன. குவைத் பதில் குறிப்பில், ஈராக்தான் எங்கள் நிலத்தில் கிணறு தோண்டப் பார்க்கிறது என்று திருப்பிக் குற்றம் சாட்டி, எல்லையை முடிவுசெய்ய அரபு லீக் குழு அமைக்கட்டும் என்றது. ஜூலை கடைசி வாரம் ஜெனீவாவில் ஒபெக் தன் குறியீட்டு விலையை 18-லிருந்து 21 டாலராக உயர்த்தியது. ஈராக் கேட்டது 25. ஜூலை 31-ல் மறுபடி ஜெத்தா. ஈராக்குக்காகச் சதாமுக்கு அடுத்த இடத்தில் இருந்த இஸ்ஸத் இப்ராஹிம், குவைத்துக்காகப் பட்டத்து இளவரசர் ஷேக் சாத் அல் அப்துல்லா. பேச்சு முறிந்தது. ஆகஸ்ட் 2 அதிகாலையில் படை நுழைந்தது.

இதில் இன்னும் தகராறில் இருப்பவை சில. ஜெத்தாவில் பேரம் எந்தத் தொகையில் முறிந்தது என்பதற்குப் பல கதைகள். சொன்னவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு தரப்பைச் சேர்ந்தவர்கள் என்பதால் எதையும் நான் சாட்சியாக எடுப்பதில்லை. தாக்க மாட்டேன் என்று சதாம் தன்னிடம் வாக்குக் கொடுத்ததாக எகிப்தின் முபாரக் சொன்னார். பேச்சு நடக்கும்வரை மட்டும்தான் என்றேன் என்பது சதாம் தரப்பு. ஜூலை 25-ல் அமெரிக்கத் தூதர் ஏப்ரல் கிளாஸ்பி, அரபு நாடுகளுக்கு இடையிலான எல்லைத் தகராறில் எங்களுக்குக் கருத்து இல்லை என்று சதாமிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அதைப் பச்சைக்கொடி என்பவர்கள் உண்டு. அப்போதே பெரும்படை எல்லைக்கு நகர்ந்துகொண்டிருந்தது என்பதால், அந்த ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு கனம் கொடுக்க எனக்கு மனமில்லை. ஜெத்தா பேச்சு முறிந்த மறுநாளே ஒரு நாட்டை முழுமையாகப் பிடிக்கும் படையெடுப்பைத் திட்டமிட முடியாது. முடிவு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். எந்த நாளில் என்பதுதான் விவாதம்.

ஆகவே என் தீர்ப்பு: ரத்கா எண்ணெய் போருக்குக் காரணம் அல்ல, வழக்கை அலங்கரிக்கச் சேர்த்த ஒரு குற்றச்சாட்டு. கடன், விலை, கடல்வாசல் மூன்றும்தான் காரணம். அவை எதுவும் ஒரு நாட்டை விழுங்கும் உரிமையைத் தராது. எல்லைத் தகராறுக்காக வந்தவர் எல்லையில் நின்றிருப்பார். இவருடைய படை அன்றைக்கே தலைநகரில் இருந்தது, அந்த மாதத்துக்குள் குவைத்தை ஈராக்கின் 19-ஆவது மாகாணம் என்று அறிவித்தார். அதே சமயம் குவைத்தின் ராஜதந்திரத்தையும் நான் புகழ மாட்டேன். பணத்தால் எதையும் தள்ளிப்போடலாம் என்று பழகிய ஒரு சிறு நாடு, பணமே இல்லாத பெரிய அண்டை வீட்டுக்காரனிடம் கறார் காட்டியது. பேரத்தில் அதன் கணக்கு சரியாக இருந்திருக்கலாம். எதிரே உட்கார்ந்திருந்த ஆளை அது சரியாக எடைபோடவில்லை.

அதன் பிறகு நடந்தது சுருக்கமாக. ஆகஸ்ட் 10-ல் கெய்ரோவில் கூடிய அரபு லீக்கில் 12 நாடுகள் மட்டுமே படை அனுப்பும் தீர்மானத்தை ஆதரித்தன. அரபு ஒற்றுமை என்ற பேச்சு அந்த மண்டபத்தில் நொறுங்கியது. நம் பக்கம் 1.7 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பெரும்பாலும் அம்மான் வழியாக விமானத்தில் அழைத்து வரப்பட்டார்கள்; உங்கள் பெரியப்பாவும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். பின்வாங்கும்போது ஈராக் படை 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீவைத்தது. கடைசித் தீ அணைந்தது 1991 நவம்பரில். ஐ.நா. குழு எல்லையை அளந்தது; 1993-ல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் தீர்மானம் 833 மூலம் அதை உறுதிசெய்தது. ஈராக் ருமைலாவின் தென்கோடியில் பயன்படுத்தி வந்த சில கிணறுகள் அந்தக் கோட்டுக்குத் தெற்கே, குவைத் பக்கம் விழுந்தன. 1994 நவம்பரில் சதாமின் அரசே அந்த எல்லையை ஏற்றது. தன் எண்ணெய் வருமானத்திலிருந்து ஈராக் கட்டிய இழப்பீடு 5,240 கோடி டாலர். கடைசித் தவணை 2022-ஐ ஒட்டித்தான் முடிந்தது. முதலில் சொன்ன 240 கோடியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தகராறு முழுவதும் அடங்கிவிட்டதா என்று கேட்டால், நிலத்தில் பெரும்பாலும் ஆம், நீரில் இல்லை. உம் கஸருக்குப் போகும் கோர் அப்துல்லா நீர்வழியை இரு நாடுகளும் சேர்ந்து நிர்வகிக்க 2012-ல் ஒப்பந்தம் போட்டன. அதை ஏற்று நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் செல்லாது என்று ஈராக்கின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஒப்புதலுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை என்பது அது சொன்ன காரணம். அதற்குப் பிறகு வளைகுடா நாடுகளின் கூட்டறிக்கைகளில் கோர் அப்துல்லா என்ற பெயர் அடிக்கடி தலைகாட்டுகிறது. பெரியப்பாவிடம் பேசும்போது சாய்வுக் கிணற்றை விட்டுவிட்டு இந்த நீர்வழியைப் பற்றிக் கேளுங்கள். குவைத்தில் இருந்தவர் என்றால் புபியானைப் பற்றி அவருக்கே சொல்ல ஏதாவது இருக்கும்.